மேசையில் வைப்பதும் கையில் கொடுப்பதும்

மகன்,

இது என்னுடைய கையெழுத்துத்தான். உறையைப் பிரித்ததும் யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிக்காதே. சவரி அண்ணை எழுதவில்லை, மாதா கோயிலில் யாரும் எழுதித் தரவில்லை. வெம்பிளி வீட்டில், குசினி மேசையில், காலைத் தேத்தண்ணி குடித்த பிறகு நாளுக்கு அரைப் பக்கம் என்று நானே எழுதுகிறேன். எனக்கு எழுத நேரமெடுக்கும். எட்டு வயதில் லண்டன் வந்த உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும். ஆகவே இரண்டு பேரும் ஒரே வேகத்தில் போகலாம், ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்கத் தேவையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, கலியாணத்துக்கு முதல் என்ர சிநேகிதர் என்னைக் கசினோவுக்குக் கூட்டிக்கொண்டு போகினமாம். தற்செயலா வெண்டால், மேசையில நிக்கிற ஆளுக்கு ஏதும் குடுக்க வேணுமோ? எவ்வளவு குடுக்கிறது?" என்றாய். பிறகு சிரித்துக்கொண்டு, "எங்கட குடும்பத்தில வெண்ட ஒரே ஆள் நீங்கள்தானே," என்றாய். "எழுதி அனுப்புறன்," என்றேன். அதைப் பகிடி என்று நினைத்து இன்னும் சிரித்தாய். பகிடி இல்லை. எழுதி அனுப்புகிறேன்.

பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வென்றால் கொடு, கொடுப்பதை மேசையில் வை, கையில் கொடுக்காதே. ஆனால் நான் இந்த ஒரு வரியைப் படிப்பதற்காக டிலானி என்ற ஒரு பிள்ளை பன்னிரண்டு நாள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். அவளுடைய வேலை போயிருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பியது. அந்தக் கதை உனக்குத் தெரியாது. நான் முன்னூற்றைம்பது பவுண் வென்றதும், அடுத்த நாள் ஒரு பை நிறைய நண்டு வாங்கிக்கொண்டு உன் வீட்டு வாசலில் வந்து நின்றதும் மட்டும்தான் உனக்குத் தெரியும். மிச்சத்தை நான் சொல்லவில்லை. சொல்வதென்றால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த இன்னொன்றை முதலில் சொல்கிறேன். போன வருஷம் வரைக்கும் எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. இங்கிலீசு மட்டுமில்லை, தமிழும் தெரியாது. மன்னாரில் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் கடலுக்குப் போனேன், அவ்வளவுதான். லண்டன் வந்தது எனக்கு மிகவும் வசதியாகப் போனது. இங்கே "இங்கிலீசு தெரியாது" என்று சொன்னால் போதும், அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. கவுன்சில் கடிதம், டொக்டரின் கடிதம், உன் பள்ளிக்கூடக் கடிதம் எல்லாவற்றையும் நீ வாசித்துச் சொன்னாய். வீட்டில் தமிழில் ஏதாவது வந்தால் அம்மா வாசித்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் "உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?" என்று ஒரு மனிதரும் என்னைக் கேட்டதில்லை. பூசையில் அம்மா பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டும்போது நானும் புரட்டுவேன். பாட்டெல்லாம் மனப்பாடம். கையெழுத்து வைக்க அம்மா ஒரு வடிவம் பழக்கித் தந்திருந்தாள். அதை மீன் படம் கீறுவதுபோலக் கீறிவிடுவேன். அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் போன பிறகு, நாற்பது வருஷமாக என்னோடு திரிகிற சவரி அண்ணைக்கும் தெரியாமல், அதை நான் ஒருவனாக வைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். போன வருஷம், ஜனவரி முதலாம் திகதி, புதுவருஷத் தினம். அம்மா இல்லாத இரண்டாவது புதுவருஷம். நீ வரவில்லை. அதில் எனக்குக் குறை இல்லை, ரயில் ஓடாத நாளில்தானே தண்டவாளத்தைத் திருத்த முடியும், அது உன் வேலை. உனக்குக் கைவிசேஷம் தருவதற்காக வங்கியில் கேட்டு ஒரு புத்தம்புது இருபது பவுண் தாள் எடுத்து வைத்திருந்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பவுண் நாணயக் குற்றி தந்தேன், வளர வளரத் தாளாகியது. எவ்வளவு என்பது பெரிதில்லை. வருஷத்தின் முதல் காசு மூத்தவர் கையிலிருந்து இளையவர் கைக்குப் போக வேண்டும், அதுதான் விஷயம். பூசைக்குப் போகும்போது அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. பூசை முடிந்து வந்தபோதும் அங்கேயே இருந்தது.

கோயில் வாசலில் சவரி அண்ணை பிடித்துக்கொண்டார். அவரை உனக்குத் தெரியும், முந்தி மினிகாப் ராக்சி ஓடியவர், இப்போது மோர்டனில் மகளோடு இருக்கிறார். "வீட்டில போய் என்ன சுவரையே பாக்கப் போறாய்? வா கசினோவுக்கு. மத்தியானச் சாப்பாடு நல்லம், சூடா இருக்கும், கதிரையெல்லாம் மெத்தை. டொக்டரைக் காத்து ஆஸ்பத்திரிக் கதிரையில இருந்து இருந்து முதுகு போச்சு எனக்கு," என்றார். எட்டு வருஷமாக அங்கே போய்வருகிறார், சாப்பாட்டுக்கும் கதிரைக்கும். விளையாடுவது பத்துப் பவுண், அதற்கு மேல் இல்லை. ஒரு நாளும் வென்றதில்லை.

நான் அதற்கு முதல் கசினோவுக்குள் போனதே இல்லை. உள்ளே போய் அந்தச் சக்கரம் சுற்றும் மேசைக்கு முன்னால் நின்றபோது என் மனதில் என்ன வந்தது தெரியுமா? லண்டன் முழுவதிலும் நான் பார்த்தவுடனே வாசிக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான் என்று வந்தது. மேசை முழுவதும் இலக்கங்கள். இலக்கம் எனக்குத் தெரியும். பஸ்ஸையும் காசையும் இலக்கத்தை வைத்துத்தானே இத்தனை வருஷம் சமாளித்தேன். பச்சைத் துணியில் பூச்சியத்திலிருந்து முப்பத்தாறு வரை வரிசையாக நின்றார்கள், எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் பிடித்துப்போனது.

பத்துப் பவுண் கொடுத்தேன், அதற்கு வட்டமான பிளாஸ்டிக் வில்லைகள் தந்தார்கள். கேக் தொழிற்சாலைக்கு நான் இருபது வருஷம் போய் வந்த பஸ் பதினெட்டு. எல்லா வில்லைகளையும் பதினெட்டின் மேல் அடுக்கி வைத்தேன். சவரி அண்ணை தலையில் கை வைத்தார். "உண்டியலில போடுற மாதிரி எல்லாத்தையும் ஒண்டா வைக்கிறாய். பிரிச்சு வையன்!" "பஸ் ஒண்டுதானே அண்ணை, பிரிச்சு ஏற ஏலாது," என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளை குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பந்தைச் சுழற்றிவிட்டாள். அது ஓடி, துள்ளி, ஒரு இலக்கத்தில் விழப்போய்த் திரும்பவும் துள்ளியது. அவள் வாயிலிருந்து மெதுவாக "ஐயோ" என்று வந்துவிட்டது. சவரி அண்ணை என் விலாவில் இடித்தார். "எங்கட பிள்ளையடா!" அதற்குள் பந்து பதினெட்டில் போய் உட்கார்ந்துவிட்டது.

அவள் வென்ற இலக்கத்தின் மேல் ஒரு சின்னக் கட்டையை வைத்தாள். தோற்ற வில்லைகளை எல்லாம் வழித்து எடுத்தாள். பிறகு முப்பத்தைந்து மடங்கை எண்ணி என் பக்கம் தள்ளினாள். இவ்வளவும் செய்யும்போது அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குப் பக்கத்தில் ஒருவர் பெரிய காசு தோற்றிருந்தார். அவருக்கும் அதே முகம், எனக்கும் அதே முகம். அதைக் கவனித்து வைத்துக்கொள், பின்னால் அதற்கு வருவேன்.

காசாளரிடம் போய் வில்லைகளைத் தாளாக மாற்றினேன். "வெண்டவன் சும்மா எழும்பிப் போகக்கூடாது, பிள்ளைக்கு ஏதும் குடுத்திட்டு வா," என்றார் சவரி அண்ணை. "எப்பிடிக் குடுக்கிறது?" என்றேன். "எனக்கென்ன தெரியும்? நான் எப்ப வெண்டனான்?" என்றார். அந்த இடத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். காசாளரைக் கேட்டிருக்கலாம், அந்தப் பிள்ளையையே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு அப்போது பழகிப்போன வழி. கேட்டால் மற்றவர் "அதோ, அங்கே எழுதியிருக்கிறதே" என்று சுவரைக் காட்டுவார்.

திரும்பி மேசைக்குப் போனேன். வென்ற காசு காற்சட்டைப் பையில் இருந்தது. என் கை சட்டைப் பைக்குத்தான் போனது. புதுவருஷம், உன் வயதுப் பிள்ளை, உன்னைப்போலவே லீவு இல்லாமல் நின்று வேலை செய்கிறாள். அந்தப் புதுத் தாளை எடுத்து, மேசைக்கு மேலால் நீட்டி, "இந்தா பிள்ளை, புதுவருஷம். நல்லா இரு," என்றேன். உன்னிடம் ஒன்றும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று தொடங்கியதால் இதையும் எழுதுகிறேன்: ஆசீர்வாதம் மட்டுமில்லை, சவரி அண்ணை பார்க்க வேண்டும், மேசையில் இருக்கிறவர்கள் பார்க்க வேண்டும் என்ற பெருமையும் அந்தக் கையில் இருந்தது.

அவள் என்ன செய்தாள் என்றால், எங்களுடைய பிள்ளைகள் செய்வதைச் செய்தாள். யோசிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சந்தோசம் ஐயா," என்றாள்.

அடுத்த நொடி அவள் முகம் வெளுத்தது. தாளைத் துணியின் மேல் விரித்து வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே கமராவுக்குக் காட்டி, மேற்பார்வையாளரை உரத்துக் கூப்பிட்டாள். கூப்பிட்டும் பிரயோசனம் இல்லை. கசினோவில் மேசைக்குப் பின்னால் நிற்கிறவர்கள் யாருடைய கையிலிருந்தும் எதையும் வாங்கக்கூடாது. அவர்களுடைய உடுப்பில் பை கூட இருக்காது. மேசையில் இங்கிலீசு தவிர வேறு மொழி பேசக்கூடாது. முகத்துக்குக் கையைக் கொண்டுபோனாலே மேலிருந்து பார்ப்பவர்கள் கவனிப்பார்கள். இப்போது வென்ற கிழவன் ஒருவன், விளங்காத மொழியில் என்னவோ சொல்லி, கையில் காசு கொடுக்கிறான். அவள் அதை வாங்கி முகத்தில் வைக்கிறாள். கமராவில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

மனேஜர் என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உயரமான, மெலிந்த வெள்ளைக்காரர். மரியாதையாகத்தான் கதைத்தார், தேத்தண்ணியும் வந்தது. இங்கிலீசு கேட்டால் எனக்கு விளங்கும், பேசினால் பாதிதான் வரும். அவர் சொன்னது இதுதான். பந்து விழுவதற்கு முன், நேரத்துக்கு நீங்கள் வில்லைகளை வைத்தீர்களா என்பதைக் கமரா காட்டும். ஆனால் நீங்களும் அவளும் முன்பே தெரிந்தவர்களா, எதற்காகக் காசு கொடுத்தீர்கள் என்பதைக் கமரா காட்டாது. அதை எழுதித் தாருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை என்று முடிவானால் அவளுடைய லைசென்ஸ் போய்விடும், பிறகு எந்தக் கசினோவிலும் அவளுக்கு வேலை இல்லை.

ஒரு படிவத்தையும் பேனையையும் முன்னால் வைத்தார். நான் வழக்கம்போல, "நோ இங்கிலீஷ்," என்றேன். அவர் அன்பாகச் சிரித்தார். "பரவாயில்லை. உங்கள் மொழியிலேயே எழுதுங்கள். நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்வோம்."

மகன், இருபத்தெட்டு வருஷமாக என்னைக் காப்பாற்றிய வார்த்தை அந்த மேசையில் செத்துப்போனது. பேனையைக் கையில் எடுத்தேன். வைத்தேன். "கண்ணாடி கொண்டுவரவில்லை, நாளைக்கு எழுதிக்கொண்டு வாறன்," என்று கையாலும் வாயாலும் சொல்லிவிட்டுப் படிவத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கண்ணாடி என் தலைக்கு மேலே இருந்தது. அவர் அதைப் பார்த்தார். 

அடுத்த நாள் நான் போனது கசினோவுக்கு இல்லை, மீன் கடைக்கு. நண்டோடு உன் வீட்டுக்கு வந்து வென்ற கதையைச் சொல்லிச் சிரித்தேன். படிவம் என் ஜாக்கெட் பைக்குள் இருந்தது. உன்னிடம் தந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் எழுதியிருப்பாய். ஆனால் "தமிழில எழுதினால் காணும் எண்டவை, ஏன் நீங்கள் எழுதேல்லை?" என்று கேட்டிருப்பாய். நாலாம் நாள் சவரி அண்ணை ரெலிபோன் எடுத்தார். "அந்தப் பிள்ளையை வேலைக்கு விடேல்லையாம். பேர் டிலானியாம், கிழக்கு லண்டனில, பார்க்கிங் எண்ட ஊரில வாடகை அறையில இருக்காம். கசினோ வாசலில கோட்டு வாங்கி வைக்கிற பொடியன் சொன்னவன்." அன்றைக்கு மத்தியானம் உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. "அப்பா, மீற்றிங்கில இருக்கிறன். ஏதும் அவசரமோ?" என்றாய். "இல்லை ராசா, சாப்பிட்டியோ எண்டு கேக்கத்தான்," என்றேன். உன் பிழை இல்லை. அவசரம் என்று சொல்லியிருந்தால் வெளியே வந்து கதைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

பதினோராம் நாள் சவரி அண்ணை நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "நாளையோட விசாரணையை முடிக்கப் போகினமாம். உன்ர கடதாசி மட்டும்தான் இல்லையாம். அது இல்லாட்டி அவளுக்குப் பாதகமாத்தான் முடியுமாம். ரெண்டு வரி எழுத உனக்கென்ன, கை முறிஞ்சு போச்சோ?" என்று கத்தினார். நான் தேத்தண்ணி போடப் போனேன். "பெரிய மனுசன் மாதிரிக் குடுக்கத் தெரியுது, அதுக்கு ரெண்டு வரி எழுதத் தெரியேல்லை," என்றுவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போனார். கோபத்தில் வந்த சொல், ஆனால் உண்மை அப்படியே அதுதான். அவருக்கே தெரியாமல் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் தனியாக ரயில் ஏறினேன். மனேஜருக்கு முன்னால் அந்த வெறும் படிவத்தை வைத்தேன். ரயிலில் பழகிக்கொண்டு வந்த இங்கிலீசில் சொன்னேன்: எனக்கு எழுதத் தெரியாது. இங்கிலீசும் இல்லை, தமிழும் இல்லை. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

இருபத்தெட்டு வருஷம் பயந்தது இதற்குத்தான். அந்த மனிதர் தலையை ஆட்டினார், பேனையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை.

ரெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, சத்தம் வெளியே கேட்கும்படி மேசையில் வைத்தார். தமிழ்நாட்டுப் பெண், நல்ல குரல். நான் கைவிசேஷம் என்றதும் நின்றுவிட்டா. "மன்னிக்கணும் ஐயா, கைவிசேஷம்னா என்னங்க? விசேஷம்னா எங்க ஊர்ல கல்யாணம் காதுகுத்துங்க." "இல்லைப் பிள்ளை, புதுவருசத்தில பெரியாக்கள் சின்னாக்களுக்குக் கையில குடுக்கிற காசு." "ஆமா ஆமா, ஆசீர்வாதம் பண்ணிக் குடுப்பாங்கல்ல, அதுவா! இருங்க, நான் சொல்றேன்," என்று நீளமாக என்னவோ சொன்னா. நான் சொன்னதைவிட மூன்று மடங்கு நீளம். எனக்கு அவவில் நல்ல விருப்பம் வந்தது.

மனேஜர் கேட்டார்: சரி, அப்படியென்றால் ஏன் மேசையில் வைக்கவில்லை? நான் சொன்னேன்: "மேசையில வைச்சால் அது கைவிசேஷம் இல்லை. மேசையில வைக்கிறது கடைக்காரனுக்கு." அவர் எழுதுவதை நிறுத்தினார். இன்னும் விளங்கவில்லை போல. அவள் ஏன் உடனே வாங்கினாள், அவளுக்குச் சட்டம் தெரியும்தானே, அதுதான் தனக்குப் பிடிபடவில்லை என்றார். நான் எழும்பினேன். மேசையிலிருந்து ஒரு கடதாசித் துவாயை எடுத்து மடித்து, நேராக அவர் கண்ணைப் பார்த்து, அன்றைக்கு நீட்டியதுபோலவே நீட்டினேன். அவர் ஒரு கையால் வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை. தலையை ஆட்டினேன். சும்மா நீட்டிக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பேனையைக் கீழே வைத்தார். மற்றக் கையும் தானாக வந்தது. இரண்டு கையாலும் வாங்கினார், கதிரையிலிருந்து கொஞ்சம் எழும்பியும் விட்டார்.

"ஓ," என்றார்.

துவாயைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு உட்கார்ந்து நிறைய எழுதினார். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் எனக்கு வாசித்துச் சொன்ன பிறகு, அம்மா பழக்கிய மீனைக் கீறிக் கொடுத்தேன். அடுத்த நாளே டிலானி வேலைக்குத் திரும்பினாள். எச்சரிக்கை ஒன்று கொடுத்தார்களாம், லைசென்ஸ் தப்பியது. அந்த இருபது பவுண் தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எனக்கே அனுப்பிவைத்தார்கள்.

அந்தப் புதன்கிழமையே கோயில் மண்டபத்துக்குப் போனேன். அங்கே பிலோமினா ரீச்சர் தமிழ் படிப்பிக்கிறா. "ஆருக்கு அண்ணை, பேரப்பிள்ளைக்கோ?" என்றா. "எனக்கு," என்றேன். "அப்ப பென்சில் கொண்டுவந்தனீங்களோ?" என்றா. அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. பென்சிலோடு முடிகிற விஷயத்துக்காக ஆயுள் முழுக்க ஒளிந்து திரிந்திருக்கிறேன். இப்போது பஸ்ஸில் இருந்துகொண்டு வெம்பிளிக் கடைகளின் தமிழ்ப் பலகைகளை வாய்விட்டு வாசிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். மீன் கீறுவதையும் விட்டுவிட்டேன், வங்கியில் என் பெயரை எழுதுகிறேன். சவரி அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நான் ஒவ்வொரு நத்தாருக்கும் வாழ்த்து எழுதி அனுப்பின கார்ட்டெல்லாம்?" என்றார். "படம் நல்ல வடிவு அண்ணை," என்றேன்.

ஒரு மாதம் கழித்து அவரோடு திரும்பவும் கசினோவுக்குப் போனேன். முதலில் வாசலில் நின்றவரிடமே கேட்டேன், கொடுக்கலாமா, எப்படிக் கொடுப்பது என்று. அழகாகச் சொல்லித் தந்தார். இருபது பவுணுக்கு ஒரு வில்லை வாங்கினேன். டிலானியின் மேசைக்குப் போய், அதைத் துணியின் மேல் வைத்து, முன்னால் தள்ளி, இங்கிலீசில் "ஃபோர் த ஸ்டாஃப்" என்றேன். அவள் அதை எடுத்து மேசை ஓரத்தில் இரண்டு தரம் தட்டிச் சத்தம் காட்டி, துவாரம் உள்ள பெட்டிக்குள் போட்டாள். "தாங்க் யூ, சேர்," என்றாள். சிரிக்கவில்லை, தமிழில் ஒரு சொல் பேசவில்லை. எவ்வளவு சரியாகச் செய்தாள்! "விளையாடாமல் டிப்ஸ் குடுக்கிற முதல் ஆள் நீதான்," என்றார் சவரி அண்ணை. நாங்கள் எழும்பும்போது அவளுக்கு மேசை மாறும் நேரம். போகிறவர்கள் இரண்டு கையையும் தட்டி, வெறுங்கையைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். அவளும் கையைத் தட்டி, விரித்துக் காட்டினாள். கமராவுக்குத்தான் காட்டினாள். ஆனால் என் பக்கம் திரும்பி நின்று காட்டினாள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கொடுக்க வேண்டுமா? கட்டாயம் இல்லை, ஆனால் கொடு. மேசையில் நிற்கிறவர் உன்னை வெல்ல வைக்கவில்லை, அப்படி நினைத்துக் கொடுக்காதே. கொடுத்தால் அடுத்த முறையும் வரும் என்று நினைத்தும் கொடுக்காதே, பந்துக்கு உன்னைத் தெரியாது. தோற்றவனுக்கும் வென்றவனுக்கும் ஒரே முகத்தோடு நிற்கிறார்களே, புதுவருஷத்திலும் நிற்கிறார்களே, அதற்காகக் கொடு. எவ்வளவு? நூறு வென்றால் ஐந்து போதும், பத்து என்றால் தாராளம். ஆயிரம் வென்றால் ஐம்பது. வீட்டுக்கு வரும் வழியில் கொடுத்ததை இரண்டு தரம் நினைத்தாயென்றால் ஒன்றில் கூடிப்போனது, இல்லாவிட்டால் குறைந்துபோனது. பெட்டியில் விழுவது மேசைகளில் நிற்கிற எல்லோருக்கும் பங்கு, ஆகவே உனக்குப் பிடித்த முகத்துக்குக் கொடுப்பதாக நினைக்காதே. சாப்பாடு கொண்டுவருகிறவர்களின் தட்டில் அவர்களுக்கென்று தனியாக ஒரு குற்றி வை. தோற்றால் ஒன்றும் வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு எழும்பு. கொண்டுபோன காசுக்கு மேல் ஒரு பவுணும் எடுக்காதே. உன் சிநேகிதர் பார்க்க வேண்டும் என்று கொடுக்காதே, அந்தக் கொடுப்பில் எனக்கு அனுபவம் உண்டு. எல்லாவற்றுக்கும் முதல், தெரியாவிட்டால் கேள். கலியாணம் கட்டிய பிறகும் இது உதவும். தெரியாது என்று உன் மனைவியிடம் சொல்ல உனக்குப் பன்னிரண்டு நாள் எடுக்கக்கூடாது.

கடைசியாக ஒன்று. அந்தப் புதுத் தாள் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. அம்மாவின் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு சேர்த்து உறைக்குள் போடலாம் என்று எடுத்தேன். பிறகு திரும்பவும் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டேன். இந்த வருஷமும் நீ தண்டவாளத்தில் நின்றாய், அதனால் உனக்கு இரண்டு வருஷக் கைவிசேஷம் மிச்சம் இருக்கிறது. கசினோவில் எல்லாவற்றையும் மேசையில் வை. இந்த வீட்டில் மேலே கமரா இல்லை. கலியாணத்துக்கு முதல் ஒரு நாள், நேரம் பார்த்து, அவளையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேரும் எனக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டுங்கள்.

இரண்டு கையையும்.

அப்பா